ஈழத்துத் தேயிலையும் அயல்நாட்டுச் சந்தையும்

ஒரு நாடு தனக்கு வேண்டிய பொருள் யாவற்றையுந் தானே ஆக்கிக்கொள்ளுதல் அரிது. தன்பால் மிக்கிருப்பதைப் பிறர்க்கு விற்று, தன்பால் இல்லாததை அவரிடமிருந்து வாங்குதலே அயல்நாட்டு வணிகத்தின் அடிப்படை. இவ்வணிகம் தமிழ்மக்களுக்குப் புதியதன்று. சங்கப் பாட்டாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்திற் குவிந்து கிடந்த பல நாட்டுப் பொருள்களை எண்ணுமிடத்து, ஈழத்திலிருந்து சென்ற உணவுப்பொருளையும் அவற்றுள் ஒன்றாகக் குறிக்கின்றது. அந்நகரத்து வணிகர் தாம் வாங்குவதை மிகுதியாக வாங்காமலும், கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் வாழ்ந்தனர் என அப்பாட்டுப் போற்றுகின்றது. அன்று ஒரு நகரத்து வணிகரின் பண்பாகக் கூறப்பட்ட இந்நேர்மையே, இன்று கடல் பல கடந்து நிகழும் ஏற்றுமதிக்கும் உயிராய் உள்ளது.

அயல்நாட்டு வணிகம் என்றவுடன் துறைமுகத்தையும் கப்பலையும் பெட்டிகளையும் நினைப்பது இயல்பு. ஆயின் கப்பலேறுவது பொருள் மட்டுமன்று. அப்பொருள் பற்றி வாங்குவோன் கொண்டுள்ள நம்பிக்கையும் உடன் செல்கின்றது. அந்நம்பிக்கை காலப்போக்கில் ஒரு பெயரைப் பற்றிக்கொள்கின்றது. பொருளை விளைவிப்பவன் ஒருவன், பெயரை உடையவன் மற்றொருவன் என்னும் நிலை ஏற்படின், இலாபத்தின் பெரும்பகுதி பெயரை உடையவனையே சேரும். ஈழத்துத் தேயிலையின் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றின் துணைகொண்டு, ஒரு பொருள் அயல்நாட்டுச் சந்தையை அடையுமாறும், அங்கு நிலைபெறுமாறும், அதன் பயன் எவரெவர்க்குச் சென்று சேர்கின்றது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சி வணிகவியல் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. 2022ஆம் ஆண்டில் நாட்டின் அயல்நாட்டுச் செலாவணி வற்றியபோது, எரிபொருள் நிலையங்களின் முன் மக்கள் நாட்கணக்கில் நின்றதையும், மருந்தின்றி மருத்துவமனைகள் இடர்ப்பட்டதையும், மண்ணெண்ணெய் இன்றி வடபகுதி மீனவரின் படகுகள் கரையிற் கிடந்ததையும் நாம் கண்டோம். யாழ்ப்பாணத்து மண்ணில் தேயிலைச் செடி வளர்வதில்லை. ஆயினும் இங்குள்ள மீனவன் படகிற்கு வேண்டிய எண்ணெய், மலைநாட்டிற் பறிக்கப்படுங் கொழுந்து ஈட்டித்தரும் டொலரினாலும் வாங்கப்படுகின்றது என்பதை அவ்வாண்டு நன்கு உணர்த்திற்று.

கோப்பி அழிந்ததும் தேயிலை எழுந்ததும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் முதன்மையான ஏற்றுமதிப் பயிர் கோப்பியே. 1869ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களிற் பரவி, இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரை ஏறக்குறைய இல்லாதாக்கிற்று. அந்நோய் தோன்றுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் ரெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தினர் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். 1873இல் இலண்டனுக்குச் சென்ற தேயிலை 23 இறாத்தல் மட்டுமே. கோப்பி வீழ்ந்தபின் அதன் நிலத்தையும், அதன்பொருட்டுத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரையும் தேயிலை ஏற்றுக்கொண்டது. கோப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆதலின் வந்துபோன தொழிலாளர் குடும்பங்களோடு மலைநாட்டில் நிலைத்தனர்.

ஒரே பயிரை நம்பியிருந்த நாடு அப்பயிர் அழிந்தபோது உற்ற துன்பம் மறக்கற்பாலதன்று. எனினும் அக்காலத் தோட்டக்காரர்க்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அவர்கள் விற்கவேண்டிய சந்தை அவர்கள்தம் தாய்நாடே. இங்கிலாந்தின் மக்கள் எத்தகைய தேநீரை விரும்புவர், எந்நிறம் வேண்டுவர், எவ்விலை கொடுப்பர் என்பனவற்றை அவர்கள் கேட்டறிய வேண்டியதில்லை. இலண்டனில் மின்சிங் ஒழுங்கை என்னுந் தெருவைச் சூழ உலகத் தேயிலை வணிகமே கூடியிருந்தது. ஏற்றுமதிக்கு முதலாவது தேவை வாங்குவோரை அறிதல். ஈழத்துத் தேயிலை அவ்வறிவோடு பிறந்தது. பிற்காலத்திற் புதிய நாடுகளை நாடியபோது அவ்வறிவைப் புதிதாகத் தேடவேண்டியதாயிற்று.

ஏலமும் சுவைஞரும்

தேயிலை, நெல்லைப் போலவோ இரப்பரைப் போலவோ ஒரே தரமாய் அமைவதன்று. ஒரு மலையின் இருபுறத்துத் தோட்டங்களின் தேயிலையும் வேறுபடும்; ஒரே தோட்டத்தின் தேயிலையும் மாதத்திற்கு மாதம் வேறுபடும். நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயர்நிலத் தேயிலை மணமும் மென்மையும் உடையது. இரண்டாயிரம் அடிக்குக் கீழ்ப்பட்ட தாழ்நிலத் தேயிலை கருநிறமும் திண்மையும் உடையது. ஊவாவில் யூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் வறண்ட காற்று அப்பகுதித் தேயிலைக்குத் தனிமணம் ஊட்டுகின்றது. திம்புளைப் பகுதிக்கு ஆண்டின் முதல் மூன்று மாதங்களே சிறந்த பருவம். இவ்வாறு வேறுபடும் ஒரு பொருளுக்கு விலை குறிப்பது எங்ஙனம்?

அதற்கு விடையாக அமைந்ததே ஏலம். 1883ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. இலண்டனில் நெடுங்காலம் நடைபெற்றுவந்த ஏலம் 1998இல் முடிவுற்றது. கொழும்பு ஏலமோ இன்றும் வாரந்தோறும் நடைபெறுகின்றது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அது மின்னணு முறைக்கு மாறிற்று.

தொழிற்சாலையிலிருந்து வந்த தேயிலையிலிருந்து தரகர் மாதிரி எடுத்து, பட்டியல் அச்சிட்டு, வாங்குவோர்க்கு அனுப்புவர். வாங்குவோரிடத்துள்ள சுவைஞர் ஒவ்வொரு மாதிரியையும் ஒரே முறையில் ஊறவைத்துச் சுவைப்பர். சர்வதேச நியமப்படி, நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தேயிலை. ஊறவேண்டிய காலம் ஆறு நிமிடம். ஒரு சுவைஞர் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்களைச் சுவைத்து, இது இன்ன நாட்டிற்கு ஏற்றது, இதற்கு இவ்வளவு கொடுக்கலாம் எனத் தீர்மானிப்பார். ஏலத்தில் வாங்கியவர் சில நாட்களுக்குள் பணஞ் செலுத்துதல் வேண்டும்.

இம்முறையின் நன்மை பெரிது. விளைவிப்பவனுக்கு விரைவிற் பணங் கிடைக்கின்றது. விலை வெளிப்படையாக நிர்ணயமாகின்றது. சிறுதோட்டக்காரருக்கும் இது பயன்படுகின்றது. இன்று இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதியை விளைவிப்போர் சிறுதோட்டக்காரரே. அவர்கள் கொழுந்தை வாங்கும் தொழிற்சாலை, நிகர விற்பனை விலையின் 68 வீதத்தை அவர்க்குக் கொடுத்தல் வேண்டும் என்பது பங்கீட்டு முறை. ஆகவே, காலியிலோ இரத்தினபுரியிலோ ஒரு குடியானவன் கொழுந்துக்குப் பெறும் விலை, கொழும்பு ஏலத்தில் அவ்வாரம் எழுந்த விலையைப் பொறுத்ததாகும்.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. ஏலத்திற் கைமாறுந் தேயிலை பெரும்பாலும் பெயரற்றுப் போகின்றது. வாங்கியவர் அதனைப் பிற தோட்டங்களின் தேயிலையோடு, சில வேளைகளிற் பிறநாட்டுத் தேயிலையோடும் கலந்து, தம் பெயரிற் பொதிசெய்து விற்பர். அருந்துபவர் அப்பொதியின் பெயரையே அறிவர். தோட்டத்தின் பெயரை அறியார்.

ஒருவரையொருவர் காணாதார் நம்புமாறு

இனி, ஏலத்தில் வாங்கப்பட்ட தேயிலை அயல்நாடு செல்லும் வழியை நோக்குவாம். கொழும்பிலுள்ள ஏற்றுமதியாளர் ஒருவர் துருக்கி நாட்டு வணிகர் ஒருவருக்கு ஒரு கொள்கலம் நிறைந்த தேயிலை விற்க உடன்படுகின்றார் எனக் கொள்வோம். பணம் வருமுன் சரக்கை அனுப்ப விற்பவர் அஞ்சுவார். சரக்கு வருமுன் பணம் அனுப்ப வாங்குபவர் அஞ்சுவார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை, இருவரின் நாட்டுச் சட்டமும் வேறு, நீதிமன்றமும் வேறு. இவ்விரு அச்சங்களையும் போக்குவதற்கு வணிக உலகம் கண்ட கருவியே வங்கியின் நாணயக் கடிதம்.

வாங்குபவர் தம் வங்கியிடம் வேண்ட, அவ்வங்கி விற்பவருக்கு ஓர் உறுதி வழங்குகின்றது. குறித்த நாளுக்குள், குறித்த சரக்கைக் கப்பலேற்றியமைக்குரிய பத்திரங்களை ஒப்படைத்தால், பணந்தருவது தன் பொறுப்பு என்பதே அவ்வுறுதி. அப்பத்திரங்களுள் தலையாயது கப்பற் சரக்குச் சீட்டு. அது கப்பற்காரர் சரக்கைப் பெற்றுக்கொண்டமைக்குப் பற்றுச்சீட்டாகவும், கொண்டுசெல்லும் உடன்படிக்கைக்குச் சான்றாகவும், சரக்கிற்கு உரிமை நல்கும் ஆவணமாகவும் ஒருங்கே அமைவது. அதனைக் கையில் வைத்திருப்பவரே துறைமுகத்திற் சரக்கைப் பெறலாம். இதனோடு விலைப்பட்டியல், காப்புறுதிப் பத்திரம், எந்நாட்டிற் பிறந்த பொருள் என்னுஞ் சான்றிதழ், பூச்சி நோய் அற்றது என்னுஞ் சான்றிதழ் முதலியனவுஞ் சேரும்.

மாணாக்கர் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. வங்கி பத்திரங்களைப் பார்க்குமேயன்றிச் சரக்கைப் பார்ப்பதில்லை. தேயிலை எத்துணைச் சிறந்ததாயினும், நாணயக் கடிதத்தில் ஒரு பெயர் ஒருவிதமாகவும் சரக்குச் சீட்டில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருப்பின், வங்கி பணந்தர மறுக்கலாம். எழுத்துப்பிழை வகுப்பறையில் ஒரு புள்ளியைக் குறைக்கும். துறைமுகத்தில் ஒரு கொள்கலத்தின் விலையையே நிறுத்திவைக்கும்.

சரக்கின் பொறுப்பு எவ்விடத்தில் விற்பவரை விட்டு வாங்குபவரைச் சேர்கின்றது என்பதும் முன்னரே தீர்க்கப்படுதல் வேண்டும். இதற்கெனப் பாரிசிலுள்ள சர்வதேச வணிகச் சங்கம் 1936ஆம் ஆண்டு முதலாகப் பொதுவிதிகளை வெளியிட்டுவருகின்றது. எஃப்.ஓ.பி. என்னும் முறையிற் கப்பலில் ஏற்றும் வரையே விற்பவர் பொறுப்பு. சி.ஐ.எஃப். என்னும் முறையிற் காப்புறுதியையும் கப்பற்கூலியையும் விற்பவரே செலுத்துவார். எனினும் சரக்குக் கப்பலேறியபின் நேரும் இழப்பு வாங்குபவரையே சாரும். மூன்றெழுத்துக்களுக்குள் இத்துணைப் பொருள் அடங்கியிருத்தலின், அவற்றை அறியாது கையொப்பமிடுபவர் பெரும்பொருள் இழக்க நேரிடும்.

வாங்குவோரின் நாவும் அவர் நாட்டுச் சட்டமும்

அயல்நாட்டிற் பொருள் விற்பவர் இரண்டை அறிதல் வேண்டும்: ஒன்று வாங்குவோரின் சுவை, மற்றொன்று அவர் நாட்டுச் சட்டம்.

சுவையை முதலில் நோக்குவாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஈழத்துத் தேயிலையின் முதன்மைச் சந்தை இங்கிலாந்தே. அங்குள்ளோர் பால் கலந்த தேநீரை விரும்புவர். பின்னர்த் தேயிலைப் பைகள் பெருகின. அவற்றிற்கு விரைவிற் சாயம் இறங்கும் சிறுமணித் தேயிலை போதும். 1930களில் அசாமிற் கண்டுபிடிக்கப்பட்ட சீ.ரீ.சீ. என்னும் பொறிமுறை, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டி அத்தகைய தேயிலையை மலிவாக ஆக்கிற்று. கிழக்கு ஆபிரிக்க நாடுகள், சிறப்பாகக் கெனியா, அம்முறையை மேற்கொண்டு இங்கிலாந்துச் சந்தையிற் பேரிடம் பெற்றன. இலங்கையோ இலையை உருட்டிப் பதஞ்செய்யும் பழைய முறையையே பெரும்பாலும் கைவிடாதிருந்தது. ஒரு சந்தையிற் குறையாகத் தோன்றிய அது, மற்றொரு சந்தையில் நிறையாயிற்று. ஈராக்கு, ஈரான், துருக்கி, லிபியா, உருசியா முதலிய நாடுகளில் உள்ளோர் சிறு கண்ணாடிக் குவளையிற் பால் கலவாத தேநீரை அருந்தும் வழக்கினர். நிறம் நன்கு தோன்றும் முறுக்கிலைத் தேயிலையே அவர்க்கு உவப்பானது. அதனால் முன்னர் மலிவெனக் கருதப்பட்ட தாழ்நிலத் தேயிலை இன்று ஏற்றுமதியின் பெரும்பங்காய் உயர்ந்துள்ளது. நல்ல பொருள், தீய பொருள் என்பன வாங்குவோரின் வழக்கத்தைப் பொறுத்தும் அமைகின்றன என்பது இதனாற் பெறப்படும்.

இனிச் சட்டத்தை நோக்குவாம். 2017ஆம் ஆண்டு டிசெம்பரில், இலங்கையிலிருந்து சென்ற தேயிலைப் பொதி ஒன்றில் தானியங்களை அரிக்கும் கப்ரா வண்டு ஒன்று காணப்பட்டதெனக் கூறி, உருசியா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அக்காலத்தில் இலங்கை அரசு, உருசியா பெருமளவு விற்றுவந்த கல்நார்ப் பொருளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் தீர்மானித்திருந்தது. அத்தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது, தேயிலைத் தடையும் சில நாட்களில் நீங்கிற்று. இவ்விரண்டிற்குந் தொடர்புண்டெனப் பலர் கருதினர். அஃது எவ்வாறாயினும், ஒரு வண்டு ஒரு நாட்டின் அமைச்சரவையையே அசைக்கவல்லது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

யப்பானின் செய்தி இன்னொரு வகையானது. 2015இல் இலங்கை அரசு கிளைபோசேற்று என்னும் களைகொல்லியைத் தடைசெய்தது. களைக்கு மாற்றுவழி வகுக்கப்படாமையின் தோட்டங்கள் வேறு களைகொல்லிகளை நாடின. அவற்றுள் ஒன்றின் எச்சம் யப்பானிய அளவை மீறிற்று. தனியளவு வகுக்கப்படாத மருந்துகளுக்கு யப்பான் அனுமதிக்கும் எச்சம் பத்துக் கோடியில் ஒரு பங்கு மட்டுமே. நல்விலை கொடுக்கும் அச்சந்தையில் இலங்கைத் தேயிலைக்கு இடர் நேர்ந்தது. 2018இல் தேயிலைக்கு விதித்த தடையை அரசு தளர்த்திற்று. இவ்வனுபவத்தின் பின்னும், 2021ஆம் ஆண்டு மே மாதம் செயற்கை உரத்தின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவெம்பரில் தடை நீக்கப்பட்டதாயினும், 2021இல் ஏறத்தாழ 30 கோடிக் கிலோவாயிருந்த தேயிலை விளைவு 2022இல் ஏறத்தாழ 25 கோடிக் கிலோவாகக் குறைந்தது. மண்ணைக் காக்கும் நோக்கம் தீயதன்று. ஆயின் வாங்குவோர்க்கு ஒழுங்காகப் பொருள் தருதலும் நம்பிக்கையின் ஒரு கூறே. ஓராண்டு கிடைக்காத பொருளுக்கு மாற்றுப் பொருளைத் தேடிக்கொண்டவர், மறு ஆண்டு தானாகத் திரும்பி வருவார் என எண்ணுதல் பேதைமை.

சில சந்தைகளையே நம்பியிருத்தல்

மேற்காட்டிய நாடுகளுட் பல எண்ணெய் விற்று வாழ்வன; பல போரினாலும் தடைகளினாலும் அலைக்கழிக்கப்படுவன. 2014இல் இலங்கை தேயிலையால் ஈட்டியது ஏறத்தாழ 163 கோடி டொலர். அவ்வாண்டின் நடுவில் நூறு டொலருக்கு மேலிருந்த எண்ணெய்ப் பீப்பாயின் விலை, 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐம்பது டொலருக்குங் கீழே சரிந்தது. உருசிய நாணயமும் பெருமதிப்பிழந்தது. வாங்குவோரின் கையில் டொலர் குறைய, இலங்கையின் தேயிலை வருவாயும் 2015இல் ஏறத்தாழ 134 கோடி டொலராகத் தாழ்ந்தது. தலவாக்கலையில் மழையும் வெயிலும் வழக்கம்போலிருந்தாலும் பசிரா நகரத்து எண்ணெய்க் கிணறு அங்குள்ள கொழுந்தின் விலையைக் குறைக்கவல்லது என்பது இதன் பொருள்.

பணம் செல்ல வழியில்லாதவிடத்து வணிகம் பண்டமாற்றை நாடுகின்றது. 2012இல் ஈரானிடமிருந்து வாங்கிய எண்ணெய்க்காக இலங்கை 25 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்ட கடன்பட்டிருந்தது. பொருளாதாரத் தடைகள் காரணமாக அதனை டொலரில் இறுக்க இயலவில்லை. மாதந்தோறும் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையால் அதனைத் தீர்ப்பதென 2021 டிசெம்பரில் உடன்படிக்கை செய்யப்பட்டது. 2023இல் ஏற்றுமதி தொடங்கிற்று.

இதற்கு முன்னோடியாய் இருந்தது 1952ஆம் ஆண்டின் இரப்பர்-அரிசி ஒப்பந்தம். கொரியப் போர்க்கால விலையேற்றம் தணிந்து இரப்பர் விலை வீழ்ந்தது; அரிசியோ உலகிற் கிடைத்தற்கு அரிதாயிற்று. அக்காலை வணிக அமைச்சராயிருந்த ஆர். ஜி. சேனநாயக்கா சீனாவோடு ஐந்தாண்டு ஒப்பந்தஞ் செய்தார். ஆண்டுதோறும் 50,000 தொன் இரப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவது அதன் சாரம். சந்தை விலையினும் மிக்க விலையை இரப்பருக்குச் சீனா கொடுத்தது. இரு நாடுகளுக்கும் தூதரக உறவு ஏற்பட்டது 1957இலேயே. வணிகமோ அதற்கு ஐந்தாண்டு முந்திற்று. தன் தேவையையும் பிறர் தேவையையும் ஒருங்கே அறிந்தோர், பெரிய நாடுகளின் பகைக்கு நடுவிலும் வழிகாண இயலும் என்பதற்கு அது தக்க எடுத்துக்காட்டு.

பெயருக்கு உரியவர் யார்?

1890இல் கொழும்புக்கு வந்த தோமஸ் லிப்ரன், பிரித்தானியாவிற் பல மளிகைக் கடைகளை உடைய வணிகர். அவர் இங்கே தோட்டங்களை வாங்கினார். தேயிலையை இடைத்தரகரின்றித் தம் கடைகளுக்குக் கொண்டுசென்றார். நிறை குறித்த சிறு பொதிகளாக்கி மலிவாக விற்றார். அதற்கு முன் கடைக்காரர் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பதே வழக்கம். பொதியின் மேல் அச்சிட்ட பெயர், உள்ளிருப்பதன் அளவிற்கும் தரத்திற்கும் உறுதியாயிற்று. அப்பெயர் உலகெங்கும் பரவிற்று; ஆயின் அஃது இலங்கையின் உடைமை ஆகவில்லை. அப்பெயருடைய பொதிகளிற் பிற்காலத்தில் எந்நாட்டுத் தேயிலையும் இடம்பெறலாயிற்று.

இந்நிலையை மாற்ற எடுக்கப்பட்ட முயற்சிகள் இரண்டு. ஒன்று அரசினது. 1972இல் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா என மாற்றப்பட்டபோதும், தேயிலைக்குச் 'சிலோன்' என்னும் பழம்பெயரே நிலைநிறுத்தப்பட்டது. நாட்டின் பெயரை மாற்றுதல் எளிது. வாங்குவோரின் நாவிற் பதிந்த பெயரை மாற்றுதல் அரிது. 1976இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தேயிலைச் சபை, சிங்க முத்திரை ஒன்றைப் பல நாடுகளிற் பதிவுசெய்து காத்துவருகின்றது. முற்றிலும் இலங்கையில் விளைந்து, இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்ட தேயிலைக்கே அம்முத்திரை உரியது. இதனையொத்த முறையில், 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் கறுவா' என்னும் பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கிற்று.

மற்றையது தனியார் முயற்சி. மெரில் ஜே. பெர்னாண்டோ 1950களில் இலண்டனிற் சுவைஞர் பயிற்சி பெற்றவர். ஈழத்துத் தேயிலை அங்கே பெயரிழந்து கலக்கப்படுவதை நேரிற் கண்டவர். நெடுங்காலம் மொத்த ஏற்றுமதி செய்தபின், 1980களில் 'டில்மா' என்னுந் தம் பெயரில், இலங்கையிலேயே பொதிசெய்த தேயிலையை ஆத்திரேலியக் கடைகளிற் புகுத்தினார். விளைவிக்கும் நாட்டினர் பெயரையும் உடையராதல் இயலும் என்பதை அவர் நாட்டினார்.

இப்பொழுது ஒரு வினா வணிகரிடையே நெடுநாளாக நிலவுகின்றது. பிறநாட்டு மலிவுத் தேயிலையை இறக்குமதி செய்து இங்கே கலந்து விற்பின், கொழும்பு பெரியதொரு தேயிலை மையமாகும் என ஏற்றுமதியாளர் பலர் வாதிப்பர். அவ்வாறு செய்தால் 'சிலோன்' என்னும் பெயரின் தூய்மை கெடும் என விளைவிப்போர் அஞ்சுவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. கலந்ததைக் கலந்ததெனக் கூறி வேறு பெயரில் விற்பதிற் குற்றமில்லை. கலந்ததைச் 'சிலோன்' என விற்பது, பட்டினப்பாலை போற்றிய நேர்மைக்கு மாறாதலோடு, நூற்றைம்பது ஆண்டுகளாகச் சேர்த்த முதலை ஒருநாளிற் செலவிடுதலும் ஆகும்.

கொழுந்து பறிப்போர்

இப்பெயரைச் சேர்த்தோர் யாவர்? சுவைஞரும் வணிகரும் மட்டுமல்லர். இரு இலையும் ஒரு தளிரும் எனக் கொழுந்தைத் தேர்ந்து கையாற் பறிப்பதே ஈழத்துத் தேயிலையின் தரத்திற்கு அடிப்படை. அக்கைகள் பெரும்பாலும் மலையகத் தமிழ்ப் பெண்களுடையவை. 'சிலோன்' என்னும் பெயரை உலகம் மதிக்கச் செய்த அம்மக்களுட் பெரும்பாலோர்க்கு, அப்பெயருடைய நாடு 1948ஆம் ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமையை மறுத்தது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்க 2003ஆம் ஆண்டு வரை சட்டஞ் செய்யவேண்டியிருந்தது.

அவர்தம் கூலி பற்றிய பேச்செழும்போதெல்லாம், விலையை நிர்ணயிப்பது அயல்நாட்டுச் சந்தை, ஆதலிற் கூலியை உயர்த்த இயலாது என்பதே நிறுவனங்கள் கூறும் விடை. இதனை ஒரு கணக்கினால் நோக்குவாம். பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அன்று ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. ஆகவே அக்கூலி ஐந்து டொலருக்குச் சமம். 2022இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்து, அவ்வாண்டு மே மாதத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. அப்பொழுது அதே கூலி மூன்று டொலருக்குங் குறைந்தது. ஆனால் கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோ தேயிலையின் சராசரி விலை 2021இனும் 2022இல் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. உரமும் எரிபொருளும் விலையேறியமையால் தோட்டங்களின் செலவும் உயர்ந்தது என்பது உண்மையே. எனினும், சந்தை தாழும்போது தொழிலாளியும் தாழவேண்டும், சந்தை உயரும்போது அவள் மட்டும் நின்ற இடத்தில் நிற்கவேண்டும் என்பது நேர்மையான கணக்கன்று. 2024இற் கூலி உயர்த்தப்பட்டதாயினும், விலையோடு கூலியை இணைக்கும் நிலையான ஒழுங்கு இன்னும் வேண்டப்படுகின்றது. சிறுதோட்டக்காரர்க்கு 68 வீதம் என ஒரு விதி அமையலாமெனின், நாட்கூலி பெறுவோர்க்கும் ஒரு விதி அமைதல் இயலாததன்று.

இஃது அறம் பற்றிய பேச்சு மட்டுமன்று, வணிகமும் பற்றியது. மலைநாட்டின் இளைஞர் தோட்டத்தொழிலை விட்டு நகரங்களுக்குச் செல்கின்றனர். பறிப்போர் குறையின், முற்றிய இலையும் கூடைக்குள் விழும், தரம் குறையும், பெயர் தேயும். அன்றியும், இன்றைய ஐரோப்பிய வாங்குவோர் பலர், தேயிலை எவ்வாறு சுவைக்கின்றது என்பதோடு, அதனைப் பறித்தோர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதையும் கேட்டறிய விரும்புகின்றனர்.

முடிவுரை

அயல்நாட்டுச் சந்தையில் ஒரு பொருள் நிலைபெறுவதற்கு வேண்டுவன யாவை எனத் தொகுத்து நோக்கின், வாங்குவோரின் வழக்கத்தை அறிதல், அவர் நாட்டுச் சட்டத்திற்கு அமைதல், பத்திரங்களைப் பிழையறச் செய்தல், சில சந்தைகளையே நம்பியிராமை, பெயரைத் தன் உடைமையாகக் காத்தல், அப்பெயரை ஆக்கியோர்க்கு உரிய பங்கு கொடுத்தல் என்பன புலனாகும். இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டது தவறின், முன்னையவை யாவும் நெடுங்காலம் நில்லா.

நம் மாணவருட் பலர் நாளை வங்கிகளிலும் சுங்கத்திலும் ஏற்றுமதி நிறுவனங்களிலும் பணிபுரிவர். சிலர் தாமே பனம்பொருளையோ மீனையோ மிளகாயையோ கடல்கடந்து விற்க முயல்வர். வட மாகாணத்தின் பொருள்கள் இன்னும் பெயர்பெறாதவை. அவற்றை மூட்டைகளிற் கட்டிப் பெயரின்றி அனுப்புவதா, அன்றிச் செய்தோரின் ஊரும் பெயரும் பொறித்து, குறித்த நிறையும் தரமும் பிறழாது அனுப்புவதா என்பது அவர் கையில் உள்ளது. தேயிலை ஒன்றரை நூற்றாண்டிற் கற்ற பாடத்தை அவர்கள் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்வாராயின், நாட்டிற்கும் நன்மை, உழைத்தோர்க்கும் நன்மை.